நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சோறு

ராஜபாளையம் வட்டார நாவல்களில் யாரும் பசியோடு சாவதில்லை. பாம்பு கடித்துச் சாகிறார்கள். மில் சங்கு ஊதும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகிறார்கள். காதல் கைகூடாமல் கிணற்றில் விழுகிறார்கள். ஆனால் விழுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் விழுகிறார்கள். இதைக் கவனித்த மதுரை ஆய்வு மாணவர் ஒருவர் முந்நூற்று இருபது பக்கத்துக்கு ஆய்வேடு எழுதி முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார். கரிசல் மண்ணின் ஈரம், மலையடிவாரத்துக் காற்று, மில் தொழிலாளர்களின் ஷிப்டு நேரம் ஆகியவை சேர்ந்து இப்பகுதி எழுத்தாளர்களின் ஆழ்மனத்தில் விருந்தோம்பலை விதைத்துவிட்டதாக அவர் அதில் நிறுவியிருக்கிறார். நெறியாளரும் அதை ஒத்துக்கொண்டார்.

உண்மைக் காரணம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல், மாடியில் இருக்கிறது. அதன் பெயர் கிருபாபாய்.

கிருபாபாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாவல் எழுதுகிறவர்கள் எல்லோரும் கையால்தான் எழுதுவார்கள். எழுதிய நோட்டைக் கிருபாபாயிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அதை டைப் அடித்து, பக்கம் பிரித்து, அட்டை போட்டு சிவகாசிக்கு அனுப்பிவைப்பார். மூன்று வாரத்தில் ஆயிரம் பிரதி வந்து இறங்கும். அதில் தொள்ளாயிரம் எழுத்தாளரின் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிடும் என்பது வேறு கதை. நம்முடைய கதை, நோட்டுக்கும் சிவகாசிக்கும் நடுவில் நடந்தது.

கடை தொடங்கிய முதல் வருடம் ஒரு வாத்தியார் தம்முடைய நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்காம் அத்தியாயத்தில் ஒரு தொழிற்சங்கத் தோழர் சித்திரை வெயிலில் செட்டியார்பட்டியிலிருந்து நடந்தே வந்து நண்பர் வீட்டில் உட்காருகிறார். உட்கார்ந்தவர் உழைப்புச் சுரண்டலைப் பற்றிப் பதினோரு பக்கம் பேசுகிறார். நண்பரின் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிருபாபாய் ஏழு பக்கம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. "அவள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார்" என்று ஒரு வரி சேர்த்து அடித்தார். மிச்ச நாலு பக்கத்தையும் தோழர் தெம்பாகப் பேசி முடித்தார்.

வாத்தியார் கண்டுபிடிக்கவில்லை. இந்த ஊரில் எழுத்தாளர்கள் மெய்ப்பு பார்ப்பது என்றால் மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். ஒன்று தம் பெயர், இன்னொன்று தம் புகைப்படம், மூன்றாவது அணிந்துரையில் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது. புத்தக வெளியீட்டு விழாவில் பேசிய ஒரு விமர்சகர், "இந்நாவலின் மொத்த வர்க்க உணர்வும் அந்த ஒரு சொம்பு மோரில் இருக்கிறது" என்றார். வாத்தியார் அடக்கத்தோடு தலையாட்டினார். கடைசி வரிசையில் காராச்சேவு தின்றுகொண்டிருந்த கிருபாபாய்க்குப் புரை ஏறியது.

அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. ஆனால் கிருபாபாய் வரம்பு தெரிந்தவர். கதையில் கை வைக்கமாட்டார். கல்யாணம், சாவு, சொத்துத் தகராறு எதிலும் தலையிடமாட்டார். "சாகறவங்க சாகட்டும், அது எழுதுனவங்க இஷ்டம். வீட்டுக்கு வந்த மனுசன் வெறும் வயித்தோட போகக்கூடாது, அம்புட்டுதான்" என்பது அவருடைய இலக்கியக் கொள்கை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் "முதல்ல சாப்பிடுங்க, பேச்சு எங்கயும் போயிராது" என்று அந்த வீட்டுப் பெண் சொல்லிவிடுவாள். ஒரே ஒருமுறை கொஞ்சம் பிசகிவிட்டது. சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கும் தலைவர் ஒருவருக்கு மூன்றாம் நாள் மாலை யாரோ உளுந்த வடை கொடுத்துவிட்டார்கள். விமர்சகர்கள் அதை அரசியல் அங்கதம் என்று கொண்டாடினார்கள். எழுத்தாளரும் ஆமாம் என்றார்.

கதைக்கு வெளியே கிருபாபாய் சாதாரண மனுஷி. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவார். வீட்டுக்காரர் தங்கச்சாமிக்கு மில்லில் ஷிப்டு. கடைக்கு வருகிறவர்களுக்கு ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டீ உண்டு. பொய் சொல்லமாட்டார். யாராவது ஒரு எழுத்தாளர், "கிருபா, இந்த இடத்தில் நீ ஏதாவது சேர்த்தாயா" என்று நேராகக் கேட்டிருந்தால் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

பிறகு ஏஐ வந்தது.

முதலில் கொண்டுவந்தவர் பாண்டிதுரை. மின்சாமான் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயதுவரை ரசீதைத் தவிர எதுவும் எழுதாதவர். ஒரு நாள் செல்போனை நீட்டினார்.

"கிருபாக்கா, காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாவல் முடிச்சேன். டைப் அடிக்கற வேலையே இல்ல. அப்படியே பக்கம் மட்டும் பிரிச்சிருங்க."

"எம்புட்டு நேரத்துல முடிச்சீங்க?"

"நடுவுல பல் தேச்சேன். அது இல்லன்னா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

கிருபாபாய் பக்கம் பிரிக்க உட்கார்ந்தார். பழக்க தோஷம், வாசித்துக்கொண்டேதான் பிரித்தார். கதாநாயகி தேநீர்க் கோப்பையை ஏந்தியபடி சன்னல் வழியாக மழையைப் பார்த்தாள். கதாநாயகன் தேநீர்க் கோப்பையை ஏந்தியபடி அவளைப் பார்த்தான். அவர்களுக்கு நடுவே மௌனம் பேசியது. அடுத்த அத்தியாயத்தில் கதாநாயகியின் அப்பாவும் தேநீர்க் கோப்பையை ஏந்தியபடி நின்றார்.

சாயங்காலம் பாண்டிதுரை வந்தபோது கிருபாபாய் கேட்டார். "ஏன் தம்பி, எல்லாரும் கோப்பையப் பிடிச்சிக்கிட்டே நிக்காங்க. யாரும் குடிக்கவே இல்லயே. ஆறிப்போயிருமே."

"அது இலக்கியங்க்கா."

கிருபாபாய் அவர்களைக் குடிக்க வைத்தார். குடித்ததும் பசி எடுத்தது. ஆக அந்த நாவலில் மட்டும் நாற்பத்து மூன்று இடங்களில் சாப்பாடு போட வேண்டியதாயிற்று. சீனியவரைக்காய்ப் பொரியல், மோர் மிளகாய், கம்மங்கூழ் என்று வயிறு நிறைந்ததும் ஆட்கள் கொஞ்சம் மனுஷர்களைப்போலப் பேச ஆரம்பித்தார்கள். பாண்டிதுரை இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் அவர் தம் நாவலை வாசிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மேற்குமலைத் தமிழ் மன்றம் என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஒரு நாவலுக்குப் பரிசு கொடுப்பார்கள். இந்த வருடம் விதியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இயந்திரம் எழுதிய நூல்கள் ஏற்கப்பட மாட்டா. நடுவர் பேராசிரியர் வெங்கடேஸ்வரி. கல்லூரியில் முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். புத்தகத்தை முழுதாக வாசிக்கிற நடுவர் என்பதால் எழுத்தாளர்களுக்கு அவரிடம் கொஞ்சம் பயம் உண்டு.

ராஜபாளையத்திலிருந்து போன ஆறு நாவல்களையும் அவர் ஒரே வாரத்தில் வாசித்தார். இதுவரை யாரும் செய்யாத காரியம் அது. நான்காவது நாவலில், "முதல்ல சாப்பிடுங்க, பேச்சு எங்கயும் போயிராது" என்ற வரி வந்ததும் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. முந்தைய மூன்றையும் புரட்டிப் பார்த்தார். மூன்றிலும் இருந்தது. ஐந்திலும் ஆறிலும் இருந்தது. ஆறு எழுத்தாளர்கள், ஒரே வரி, ஒரே கருவாட்டுக் குழம்பு. ஆறு பேரும் ஒரே ஏஐயை வைத்து எழுதியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்ததில் யாரும் குற்றம் காண முடியாது.

மன்றச் செயலாளர் எட்வின், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு மென்பொருளில் போட்டுச் சரிபார்த்துவிடலாம் என்றார். அது காலையில் ஒரு பக்கத்தைத் தொண்ணூற்றொரு சதவீதம் இயந்திரம் என்றது. மதியம் அதே பக்கத்தைப் பன்னிரண்டு சதவீதம் என்றது. சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கும் மனசு இளகியிருக்க வேண்டும். கடைசியில் ஆறு பேருக்கும் கடிதம் போயிற்று. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் பிரதியோடு மன்றத்துக்கு வர வேண்டும். பிரதி இல்லாதவர்களின் நூல் இயந்திரம் எழுதியது என்று முடிவு செய்யப்பட்டுப் பத்திரிகைகளுக்கு அறிவிக்கப்படும்.

பாண்டிதுரை கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு, நாலு நாள் உட்கார்ந்து, அச்சான தம் நாவலை ஒரு நோட்டில் கையால் பார்த்து எழுதினார். தம் நாவலை அவர் முதன்முறையாக வாசித்தது அப்போதுதான். ஒன்பதாம் அத்தியாயத்தில் கதாநாயகன் செத்துப்போனான் என்று தெரிந்ததும் அரை நாள் வேலை ஓடவில்லை.

மற்ற ஐந்து பேரும் கையால்தான் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சோழபுரத்துச் சுபேதார் வைகுண்டராஜ். வயது அறுபத்தெட்டு. இருபத்தெட்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ‘அறுபது நாள் லீவு’ என்று ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். பாதிக்கு மேல் சொந்தக் கதை. நாலு நீள நோட்டில் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல், மார்ஜின் போட்டுக் கொடுத்தார். பரிசு அவருக்குத்தான் என்று கடிதம் வருவதற்கு முன்னால் ஊரில் பேச்சு இருந்தது. அதற்குக் காரணம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் கதை சொல்லும் பட்டாளத்துக்காரர் லீவில் வீட்டுக்கு வருகிறார். பிள்ளை பிறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயதான பிறகுதான் வருகிறார். "அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். போதும் என்றேன். காதில் விழாதவள்போல இன்னொரு அகப்பை போட்டாள். ஒன்றரை வருஷக் கோபத்தை அவள் அப்படித்தான் இறக்கி வைத்தாள்." இந்த இடத்தைப் பற்றிப் பேராசிரியர் வெங்கடேஸ்வரியே இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறார்.

அதை எழுதியது யார் என்று வாசகருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

கடிதம் வந்ததிலிருந்து கிருபாபாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையால் எழுதிய ஐந்து பேரின் நோட்டையும் அவர் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் புரிந்துவிடும். சுபேதார் எப்போது வருவார், வந்ததும் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர் படியேறி வந்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிருபா, என் நோட்டு நாலும் ஒங்கிட்டதான இருக்கு?"

"பத்திரமா இருக்கு அண்ணாச்சி."

"எலி கிலி கடிக்கலயே?"

"அந்துருண்டை போட்டுல்லா வச்சிருக்கேன்."

சுபேதாரின் முகம் வாடிவிட்டது. "கடிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

கிருபாபாய் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "அண்ணாச்சி, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். நான் மூத்தவன், மொதல்ல சொல்லிருதேன். அந்த நூத்திப் பன்னெண்டாம் பக்கத்த நான் எழுதல."

கிருபாபாய் தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதான் எழுதுன. புஸ்தகம் கைக்கு வந்த அன்னைக்கே தெரிஞ்சிபோச்சு. நான் எழுதுனது எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வீடு இலை போட்டுல்ல வச்சிருக்க. என் கதையில பாகிஸ்தான் பார்டர்லயே ஒருத்தன் பணியாரம் திங்கான்."

"பொறவு ஏன் அண்ணாச்சி அப்பவே கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். கோவமா வந்தேன். கீழ செருப்புக் கடை வரைக்கும் வந்துட்டேன். அப்பப் பாத்து வீட்டுலருந்து போன். ‘சாப்பிட வாங்க’ன்னு அங்காளம்மாள் கூப்பிடுதா. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ அப்படிக் கூப்பிட்டதே இல்ல கிருபா."

அங்காளம்மாள் அவருடைய மனைவி. சுபேதார் மிச்சத்தைச் சொன்னார். எண்பத்தேழில் அவர் அப்படி லீவில் வந்த அன்று, அங்காளம்மாள் சோறு போடவில்லை. வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடந்தது, பிள்ளைகள் வளர்ந்தன, ஆனால் அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு மூடி வைத்திருக்கும். அவராக எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார். புத்தகம் வந்தது. அங்காளம்மாள் இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தாள். மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள்.

"நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாம, அவளப் பெருமையா எழுதிட்டேன்னு நெனச்சிருக்கா போல. நான் எப்படி இல்லன்னு சொல்லுவேன்? இப்ப நோட்டக் காட்டுனா அந்தப் பக்கம் என்னுது இல்லன்னு தெரிஞ்சிரும். காட்டலன்னா புஸ்தகத்தையே மிஷின் எழுதிச்சின்னு பேப்பர்ல போட்டுருவான். எப்படிப் போனாலும் அங்காளம்மாளுக்குத் தெரிஞ்சிரும்."

"மதினிகிட்ட நீங்களே சொல்லிட்டா என்ன அண்ணாச்சி?"

"கிருபா, நான் ரெண்டு தடவ குண்டு விழற எடத்துல நின்னவன்."

"தெரியும் அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன். எது ஆபத்துன்னு எனக்குத் தெரியும்."

கிருபாபாய் எழுந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "செஞ்சது நான். ஞாயித்துக்கெழமை நானே வந்து சொல்லுதேன். ஒங்க பேரு கெட்டுறக்கூடாது. மதினிய மட்டும் வீட்டுல இருக்கச் சொல்லுங்க, பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய், வரலாற்றில் முதல்முறையாகச் சர்ச்சுக்குப் போகாமல், தகரப் பெட்டியோடு பேருந்து நிலையத்துக்கு வந்தார். சுபேதார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அங்காளம்மாள் நின்றாள்.

"ஆண்டாள் கோயிலுக்குப் போயி எம்புட்டு நாளாச்சு. அப்படியே இவிய விசாரணையையும் பாத்துட்டு வந்துருதேன்" என்றாள் அங்காளம்மாள். சுபேதார் தொலைவில் தெரிந்த மலையைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துபோனார்கள். யாரும் பேசவில்லை. கண்டக்டர் அவர்களைத் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்து மீதிச் சில்லறையை மெதுவாகக் கொடுத்தார்.

விசாரணை மன்றத்தின் வாசிப்பறையில் நடந்தது. முதலில் பாண்டிதுரை நோட்டைக் கொடுத்தார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். பேராசிரியர் நோட்டையும் நாவலையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. அச்சகத்தின் முகவரியும், ‘அட்டை வடிவமைப்பு: கிருபாபாய்’ என்ற வரியும் உட்பட எல்லாம் பொருந்தியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கிருபாபாய் அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து பெட்டியைத் திறந்து, மிச்ச ஐந்து பேரின் நோட்டுகளையும் மேசையில் அடுக்கினார்.

"அம்மா, அந்த ஒரே வரிய எழுதுனது மிஷின் இல்ல. நான்தான். ஆறு புஸ்தகத்துலயும் சாப்பாட்டுப் பகுதி எல்லாம் நான் சேத்தது. அவங்க யாரும் சேக்கச் சொல்லல. பட்டினியாப் பேசிக்கிட்டே இருந்தாங்க, எனக்கு மனசு கேக்கல."

பேராசிரியரும் எட்வினும் நோட்டுகளைப் பிரித்தார்கள். ஐந்து பேர் நோட்டிலும் ஒரு கருவாடுகூட இல்லை. கடைசி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர்கள் தத்தம் புத்தகத்தைப் புரட்டி, இதுவரை பாராட்டு வாங்கிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி பார்ப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பேராசிரியர் பாண்டிதுரை பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் இந்த நாற்பத்து மூன்று சாப்பாடும் உங்கள் கையெழுத்தில் எப்படி வந்தது?"

பாண்டிதுரை கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "நானும் கிருபாக்காவும் ஒண்ணு போல யோசிப்போம் மேடம்" என்றார். பிறகு அவரே எழுந்து நோட்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு மேடம். கையால எழுதுனாத்தான் கதை என்னன்னே புரியுது."

அடுத்து சுபேதாரின் நோட்டு. பேராசிரியர் நேராக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தார். நோட்டில் அந்த இடத்தைத் தேடினார். சுபேதார் முழங்காலில் கை வைத்துத் தரையைப் பார்த்தார். கிருபாபாய் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் வகுப்பில் வாசித்த பழக்கத்தில் சத்தமாகவே வாசித்துவிட்டார்.

"பெட்டியை வைத்தேன். அவள் வெளியே வரவில்லை. பிள்ளை என்னை யாரோ என்று பார்த்தது. பசித்தது. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன்."

இரண்டு கூட்டங்களில் அந்தக் குழம்பைப் பற்றிப் பேசியிருந்த பேராசிரியர், இந்த ஆறு வரியை இன்னொரு முறை மனசுக்குள் வாசித்தார். அங்காளம்மாள் எழுந்து வந்தாள்.

"அந்த நோட்டக் குடுங்க."

வாங்கி, விரலை வைத்து வாசித்தாள். பிறகு கிருபாபாயைப் பார்த்தாள். "இத எதுக்கு எடுத்த?"

"பசிச்சிதுன்னு எழுதியிருந்தாரு மதினி. எனக்குக் கை நிக்கல."

சுபேதார் எழுந்து நின்றார், மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி. "அந்தச் சோத்த நான் எழுதல. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

"நீங்க எழுதலன்னு எனக்கு மொத நாளே தெரியும். தட்டுல கெடக்கது கருவாட்டுக் கொழம்பா புளிக்கொழம்பான்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது. நீங்களா அகப்பையப் பத்தி எழுதுவீங்க? எவளோ ஒரு பொம்பளை எழுதுனதுன்னு வாசிச்சதும் தெரிஞ்சிபோச்சு."

"பொறவு எதுக்குப் போன் பண்ணிச் சாப்பிடக் கூப்பிட்ட?"

"எவளோ ஒருத்தி புஸ்தகத்துல ஒங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கா. ஊரே வாசிக்கி. நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

எட்வின் சிரித்துவிட்டார். அங்காளம்மாள் சிரிக்கவில்லை. நோட்டை மூடாமல் கையிலேயே வைத்திருந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு நீங்க வந்ததும் போயிட்டீங்க. எட்டிப் பாத்தேன், ஆளக் காணும். கோவிச்சிக்கிட்டுப் போயிட்டீங்கன்னுல்ல இத்தன வருசமா நெனச்சேன். பசிச்சிருக்கு, கேக்காம போயிருக்கீங்க. சொன்னாத்தான தெரியும்."

"கேக்க வாய் வரல."

"வந்திருந்தாப் போட்டிருப்பேன். திட்டிக்கிட்டேதான் போட்டிருப்பேன்."

நடுவரும் செயலாளரும் உள்ளறைக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆலோசித்தார்கள். மென்பொருளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று எட்வின் தொடங்கியதைப் பேராசிரியர் கையமர்த்தினார். மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் அன்றைய தேதியில் இப்படி எழுதியிருக்கிறது. "திருமதி கிருபாபாய் இயந்திரம் அல்லர் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது. திரு. வைகுண்டராஜ் தம் நூலைத் தாமே எழுதினார் என்பதில் மன்றத்துக்கு ஐயமில்லை. ‘அறுபது நாள் லீவு’ கையெழுத்துப் பிரதியில் உள்ளபடி மறுபதிப்பு வெளிவரும்பட்சத்தில் அதற்கே பரிசு வழங்கப்படும். விருந்துப் பகுதிகளை நடுவர் மிகவும் ரசித்தார் என்பதும் பதிவு செய்யப்படுகிறது." கடைசி வாக்கியத்தைப் பேராசிரியரே கையால் சேர்த்திருந்தார்.

மற்ற எழுத்தாளர்களில் ஒருவர் கிருபாபாயோடு ஒரு மாதம் பேசவில்லை. இரண்டு பேர் தங்கள் புத்தகத்தில் சாப்பாடு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இன்னொருவர் அடுத்த நாவலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இதுல வாரவங்களுக்குச் சர்க்கரை வியாதி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை அங்காளம்மாள் மாடியேறி வந்தாள். சுபேதார் வரவில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண்காணிக்க என்று அவளும் சொல்லவில்லை, எதற்கு என்று கிருபாபாயும் கேட்கவில்லை. நோட்டைப் பிரித்து வைத்து, கிருபாபாய் சேர்த்த பதினேழு இடங்களில் பதினாறை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பார்டரில் பணியாரம் போனது. ரயிலில் கட்டுச்சோறு போனது. ஒவ்வொன்றும் போகும்போது கிருபாபாய் ஒரு பெருமூச்சு விட்டார்.

கடைசியாக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. கருவாட்டுக் குழம்பை அழித்தார். நோட்டைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தார். பெட்டி வந்தது, பிள்ளை வந்தது. ‘பசித்தது’ என்று அடித்துப் புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தார். விரல்கள் விசைமேலேயே நின்றன.

"மதினி, ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுத்துக்கிடட்டுமா?"

அங்காளம்மாள் திரையைப் பார்த்தாள்.

"வேண்டாம் கிருபா. அந்த மனுசன் அங்க பசியோடயே இருக்கட்டும். நான் வீட்டுல போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, மணி பன்னிரண்டாகப் போகிறது என்று எழுந்தாள்.